2,000 யென்னில் சுஷி

டோக்கியோவில் மலிவாக சுஷி எங்கே கிடைக்கும் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: மத்தியானமா, ராத்திரியா? கேட்டவர் முகம் சுருங்கும். கடைப் பேரைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் இங்கே ஒரே கடை பகல் பன்னிரண்டு மணிக்கு மலிவாகவும் மாலை ஆறு மணிக்குக் கையைக் கடிப்பதாகவும் இருக்கும். கடைப் பேரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துதான் போவோம்.

ஒரு கணக்குக்கு ஆளுக்கு 2,000 யென் என்று வைத்துக்கொள்வோம். நம் பணத்தில் சுமார் 1,100, 1,200 ரூபாய். அந்தப் பணத்தில் வயிறு நிறைய சுஷி சாப்பிட நாலு வழி உண்டு. தட்டுகள் சுற்றிவரும் பெரிய சங்கிலிக் கடை, நின்றபடி சாப்பிடும் கடை, தெருமுனை சுஷிக்காரரின் மதியச் சாப்பாடு, சூப்பர் மார்க்கெட் பெட்டி. நாலுமே மலிவுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் காசை மிச்சம் பிடிக்கிறது. எங்கே பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையில் எதைத் தின்பது, எதைத் தொடாமல் விடுவது என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் சுற்றுகிற கடை. இது ஒசாகாக்காரர்களின் மூளை. ஒசாகாவை ஒட்டிய ஊரில் சிறிய சுஷிக்கடை வைத்திருந்த ஷிராயிஷி யோஷியாகி என்பவருக்கு ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை. ஒரு பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் வரிசையாக நகர்ந்து போவதைப் பார்த்தார். அதே மாதிரி தட்டுகள் நகர்ந்தால் பரிமாற ஆளே வேண்டாமே என்று யோசித்து, 1958-இல் கென்ரொக்கு சுஷி என்ற கடையைத் திறந்தார். பட்டை நொடிக்கு சுமார் 8 சென்டிமீட்டர் நகர்ந்தது. அதற்கு மேல் போனால் மீன் காய்ந்துவிடும், எடுக்கிறவருக்கும் பதற்றம். மெதுவாகப் போனால் சாப்பிடுகிறவர் பொறுமை இழந்துவிடுவார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தபின் நாடு முழுக்கப் பரவியது. 1978-இல் அவர் காப்புரிமை முடிந்ததும் போட்டிக் கடைகள் முளைத்தன.

பட்டை மிச்சம் பிடித்தது பரிமாறும் ஆளை. அடுத்து சமைக்கும் ஆளையே மிச்சம் பிடித்தது இயந்திரம். சுஸுமோ என்ற நிறுவனம் 1981-இல் சோற்றை உருண்டை பிடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பத்து வருஷம் கைப்பழக்கம் வேண்டும் என்று சொல்லப்பட்ட வேலையை அது மணிக்கு ஆயிரக்கணக்கில் செய்கிறது. சங்கிலிக் கடையில் நீங்கள் சாப்பிடும் சோற்றுருண்டையைப் பெரும்பாலும் மனிதக் கை பிடித்திருக்காது. அந்த உருண்டை ஒன்றும் மோசமில்லை. கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். நல்ல கைக்காரர் பிடித்தது நாக்கில் பட்டதும் உதிரும். இயந்திரம் பிடித்ததைக் கடிக்கவேண்டும்.

இன்றைக்குப் பெரிய பேர்கள் நாலு: சுஷிரோ, குரா சுஷி, ஹமா சுஷி, கப்பா சுஷி. முதல் இரண்டும் ஒசாகாவில் பிறந்தவை. ஹமா, மாட்டிறைச்சிச் சோற்றுக்குப் பேர்போன சுக்கியாவை நடத்தும் ஸென்ஷோ குழுமத்துடையது. வெகுகாலம் இவை எல்லாவற்றிலும் தட்டுக்கு 100 யென், வரி தனி என்பதுதான் எழுதாத சட்டம். 2022 அக்டோபரில் அது உடைந்தது. யென் மதிப்பு சரிந்து, இறக்குமதி மீனின் விலை ஏறியதும் சுஷிரோ தன் அடிமட்டத் தட்டை வரியோடு 120 யென் ஆக்கியது, குராவும் அதே மாதம் ஏற்றியது. பிறகு அரிசியும் சேர்ந்துகொண்டது. 2025-இல் கடைகளில் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியபோது இங்குள்ளவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பொன்னியை மூட்டையாக வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தத் தொகையைக் கேட்டாலே தலை சுற்றும்.

விலைப் பலகையில் இரண்டு எண் இருந்தால் பெரியதைப் பாருங்கள். வரியோடு நீங்கள் கொடுக்கப்போவது அதைத்தான். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 விழுக்காடு, கட்டி வாங்கிப் போனால் 8. இன்னொன்று, ஒரே சங்கிலிக்குள்ளேயே ஊருக்கு ஊர் விலை வேறு. ஷிபுயா போன்ற நடுநகரக் கடையில் விற்கும் அதே தட்டு, ரயிலில் அரைமணி தள்ளிப்போனால் பல யென் குறையும். எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தட்டில் எத்தனை துண்டு என்று எண்ணுங்கள். அடிமட்டத் தட்டில் இரண்டு இருக்கும். கொழுப்புச் சூரை, கடல் முள்ளெலி முட்டை மாதிரி உசத்திச் சரக்கில் பல நேரம் ஒன்றுதான் இருக்கும். 260 யென் என்று பார்த்துத் தொடுவோம். 120 யென் தட்டைவிட இரண்டு பங்குதானே என்று நினைப்போம். துண்டுக்கணக்கில் அது நாலு பங்குக்கும் மேல்.

போன வருஷம் தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். மீன் ஏலக்கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். பச்சை மீன் என்றதும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம், பார்க்கத்தானே போறோம் என்று குராவுக்கு வந்தார். மேசை ஓரத்தில் ஒரு கறுப்புப் பித்தானும் அதன் மேல் சின்னக் குழாயும் இருந்தன. உட்கார்ந்ததும் கையை அதன் கீழே கொண்டுபோய்விட்டார்.

“சித்தப்பா, கையை எடுங்க!”

“ஏல, இது கை கழுவுத குழாய் இல்லியா?”

“வெந்நி சித்தப்பா. தேயிலைக்கு.”

அது கொதிநீர். பக்கத்தில் டப்பாவில் பச்சைத் தேயிலைப் பொடி இருக்கும். ஒரு கரண்டி கோப்பையில் போட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளவேண்டும், எத்தனை கோப்பை குடித்தாலும் காசில்லை. முதல்முறை வருகிறவர்களில் பலருக்கு அந்தக் குழாயைக் கண்டதும் கை தானாக நீளும். குழந்தைகளோடு போகிறவர்கள் உட்காருமுன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

தேநீர் போலவே இஞ்சி ஊறுகாயும் சோயா சாறும் இலவசம். தொடுதிரையில் ஆங்கிலம் உண்டு. பட்டையில் வருவதை எடுப்பது இப்போது அபூர்வமாகிவிட்டது. 2023 ஜனவரியில் கிஃபு நகரத்து சுஷிரோ கிளை ஒன்றில் ஒரு பையன் சோயா புட்டியை நக்கி, அந்தப் படம் நாடெங்கும் பரவியது. அதோடு பல கடைகள் சுற்றுவதையே நிறுத்திவிட்டன. திரையில் சொன்னால் தனி வழியில் உங்கள் மேசைக்கு நேராகத் தட்டு பாய்ந்துவந்து நிற்கும். குரா மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் மூடி போட்டு இன்னும் சுற்றவிடுகிறது. தின்று முடித்த தட்டை மேசையோரத் துளையில் போட்டால் தண்ணீரோடு உள்ளே ஓடிவிடும், எண்ணிக்கையும் ஏறும். ஐந்து தட்டுக்கு ஒரு முறை திரையில் ஒரு விளையாட்டு, ஜெயித்தால் பொம்மை. பதினாலாவது தட்டில் சித்தப்பாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. பொம்மைக்காகப் பதினைந்தாவதையும் எடுத்தார். அந்த இயந்திரத்தை வைத்தவனுக்கு வியாபாரம் தெரியும்.

பிள்ளைகளோடு என்றால் குரா, மீன் ருசி பார்க்க சுஷிரோ, பில் குறைய ஹமா. இது என் நாக்கும் பர்சும் சொல்கிற கணக்கு. ஹமாவில் மேசையிலேயே நாலைந்து வகை சோயா சாறு இருக்கும். ஒரே மீனை வேறு வேறு சாற்றில் தொட்டுப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. கப்பா ஒரு காலத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடிய கடை, இப்போது பின்தங்கிவிட்டது.

எந்த மீனைத் தொடலாம்? இந்தக் கடைகளில் எல்லாத் தட்டிலும் ஒரே லாபம் கிடையாது. சூரையில் கடைக்கு ரொம்பக் குறைவு. முட்டை, மக்காச்சோளத்தை மயோனீஸில் குழைத்தது போன்றவற்றில் நல்ல லாபம். பொரித்த கோழி, நூடுல்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் திரையில் கண்ணைப் பறிக்கிற மாதிரி வருவது சும்மா இல்லை. அவற்றில் பணத்தை விடாமல் சூரைத் தட்டைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பக்கம் லாபம்.

சித்தப்பா சிவப்புத் துண்டைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது சூரைல்லா? நம்மூர்ல குழம்புக்கே யோசிப்பான். இவன் பச்சையா வச்சி தங்கம் மாதிரி விக்குதான்.” அவர் சொன்னதில் பிழையில்லை. சங்கிலிக் கடையின் சூரை பெரும்பாலும் கடலிலேயே மைனஸ் 60 டிகிரிக்கு உறையவைத்தது. உறைந்த மீன் என்றால் மட்டம் என்று நமக்கொரு எண்ணம். இங்கே உறையவைப்பதுதான் காவல். பச்சை மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம், வயிற்றுச் சுவரைத் துளைத்து உயிர்போகிற வலி தரும். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் செத்துவிடும் என்பது ஜப்பான் சுகாதாரத் துறையின் கணக்கு. பச்சை மீன் தின்னப் பயப்படுகிறவர்கள் மலிவுக் கடையில் தொடங்குவதே நல்லது என்பேன்.

சால்மன் கதை இன்னும் வேடிக்கை. இன்று சுற்றுகிற கடைகளில் அதிகம் தின்னப்படும் மீன்களில் முன்வரிசையில் இருப்பது அது. ஆனால் 1980களுக்கு முன் ஜப்பானியர் அதைப் பச்சையாகத் தொடவே மாட்டார்கள், இந்தப் பக்கத்துக் கடல் சால்மனில் புழுப் பயம். நோர்வேக்காரர்கள் பண்ணையில் வளர்த்த சால்மனை விற்க வழிதேடி, இதில் புழு இல்லை, பச்சையாகத் தின்னலாம் என்று பல வருஷம் பாடாய்ப்பட்டுச் சொல்லி வாங்கவைத்தார்கள். வயதான சுஷிக்காரர் சிலரின் கடையில் இன்றும் சால்மன் இருக்காது. கேட்டால் புன்னகைப்பார்.

பேர் ஒன்று, மீன் ஒன்று என்பதும் உண்டு. எங்காவா என்றால் நாக்குமீன் மாதிரித் தட்டையான ஹிராமே என்ற மீனின் துடுப்படிச் சதை. ஒரு மீனில் நாலு கீற்றுதான் தேறும். அது 120 யென்னுக்கு எப்படிக் கிடைக்கிறது? மலிவுக் கடையில் வருவது வடகடலின் பெரிய ஹாலிபட் வகையிலிருந்து எடுத்தது. கொழுப்பு அதிகம், ருசியும் உண்டு, ஆனால் ஹிராமே அல்ல. ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தெரிந்து தின்பது நல்லது. இதற்கு நேர்மாறு சாளை, அயிலை, கணவாய். இவற்றின் விலை குறைவாக இருப்பது மட்டமான சரக்கு என்பதால் அல்ல. அயிலையை உப்பும் காடியும் போட்டு ஊறவைத்துத் தருவார்கள். சித்தப்பா மூன்று தட்டு முடித்தது அதைத்தான்.

2,000 யென்னில் இப்படிக் கடையில் சுமாராக எட்டு அடிமட்டத் தட்டு, இரண்டு நடுத்தரத் தட்டு, ஒரு உசத்தித் தட்டு, கூட ஒரு கிண்ணம் முட்டைப் பாயசம் மாதிரி ஆவியில் வேகவைத்த சவான்முஷி தேறும். ஏறக்குறைய இருபது துண்டு சுஷி. பசியோடு வருகிற ஆளுக்கு இதுக்கு மிஞ்சி இல்லை. சனி ஞாயிறு ஒருமணி நேரம் காத்திருக்கவேண்டி வரும். கைப்பேசியில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

நின்று சாப்பிடும் கடை இதற்கு எதிர்ப்பக்கம். ரயில் நிலையங்களை ஒட்டி இருக்கும், ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் நிற்கலாம். அங்கே மிச்சம் பிடிப்பது இடத்திலும் உங்கள் நேரத்திலும். நாற்காலி இல்லாததால் யாரும் அரைமணிக்கு மேல் நிற்பதில்லை, ஒரே சதுர அடியில் நாள்பூரா புது ஆள். மிச்சமான வாடகை மீனில் வந்து சேர்கிறது. ஆள் எதிரே நின்று கையால் பிடித்து நேராகப் பலகையில் வைக்கிறார். துண்டு 100 யென்னிலிருந்து 300 வரை. 2,000 யென்னில் பத்துத் துண்டுதான், ஆனால் அந்தப் பத்தும் நினைவில் நிற்கும். தனியாகப் போக ஏற்றது. கைக்குழந்தையோடும் பெட்டியோடும் போகவேண்டாம். டோக்கியோவுக்கு எடோ என்று பேர் இருந்த காலத்தில் கையால் பிடிக்கும் சுஷி இப்படித்தான் தொடங்கியது, தெருவோரக் கடையில் நின்றபடி. உட்கார்ந்து அடக்கமாகத் தின்பது பின்னால் வந்த நாகரிகம்.

இனி எனக்குப் பிடித்த வழி. தெருமுனையில் நீலத் துணித்திரை தொங்கும் கடை, உள்ளே பத்து நாற்காலி, ஒரு தாத்தா, அவர் மனைவி. ராத்திரி அங்கே போக எனக்கே தைரியம் வராது. விலைப் பலகையில் சில மீனுக்கு எண்ணே இருக்காது, ‘ஜிக்கா’ என்று மட்டும் எழுதியிருக்கும். அன்றைய சந்தை விலை என்று அர்த்தம். கேட்டுவிட்டுச் சாப்பிடலாம், தப்பில்லை, ஆனால் கேட்க நாக்கு எழாது. அதே தாத்தா மதியம் 11:30-லிருந்து 2 மணி வரை 1,000-1,500 யென்னுக்கு ஏழெட்டுத் துண்டு சுஷி, ஒரு சுருள், மிஸோ சூப்பு வைப்பார். காரணம் எளிது. ராத்திரிக்கு வாங்கிய மீனின் ஓரங்களும் முனைகளும் கழியவேண்டும், கடையும் ஆளில்லாமல் கிடக்கக்கூடாது. நமக்கு என்ன வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம், அதற்குத்தான் விலைக்குறைப்பு.

மதிய அட்டையில் நாமி, ஜோ, தொக்குஜோ என்று மூன்று படி இருக்கும்: சாதா, உசத்தி, ரொம்ப உசத்தி. சில கடைகள் இதையே பைன், மூங்கில், பிளம் என்று மரப்பேரில் எழுதும். மலிவானது எது என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவருக்காக வந்த பழக்கம்போல எனக்குத் தோன்றும். வழக்கமாக பிளம்தான் அடிமட்டம், உமே என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். இன்னும் ஒரு படி இறங்கத் தயார் என்றால் பரா சிராஷி இருக்கிறதா பாருங்கள். காடிச் சோற்றின் மேல் மீன் முனைகளைச் சின்னச் சதுரமாக வெட்டித் தூவிய கிண்ணம். உருவம் கெட்ட துண்டுகள், ருசி கெடாதவை. 2,000 யென்னில் டோக்கியோவில் கிடைக்கிற நல்ல சுஷி இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

ஒன்று மட்டும் கவனம். மாலையில் குடிக்கடை மாதிரி இருக்கிற சுஷிக்கடையில் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வைப்பார்கள், பில்லில் 300-500 யென் ஏறியிருக்கும். உட்காரும் கூலி அது. தகராறு செய்து பயனில்லை. டிப்ஸ் மட்டும் எங்கேயும் கிடையாது, வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள்.

மீனே சாப்பிடாதவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் கதை வேறு. வெள்ளரிக்காய்ச் சுருள், நொதிக்கவைத்த சோயா நாத்தோ சுருள் உண்டு. பொரித்த டோஃபு பையில் சோறு அடைத்த இனாரி, முட்டை, மிஸோ சூப்பு எல்லாம் பார்வைக்கு மீன் இல்லாதவை. ஆனால் அவற்றுக்கு ஊற்றும் சாறு தாஷி, அது பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்மீனிலிருந்து இறக்கியது. சித்தப்பா அந்தச் சீவலை முகர்ந்து பார்த்துவிட்டு, “மாசி இல்லியால இது?” என்றார். மாசியேதான். தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கருவாடும் இதுவும் ஒரே சூரைச் சாதி மீன், அவித்துப் புகையூட்டி உலர்த்துவதும் கிட்டத்தட்ட ஒரே முறை. அங்கே உரலில் இடிக்கிறோம், இங்கே மரத்தைப் போல் சீவுகிறார்கள். சுத்த சைவக்காரர் மலிவு ஜப்பானியக் கடையில் வயிறு நிறைப்பது கஷ்டம். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியக் கடைகள் இருக்கின்றன, அங்கே அழைத்துப்போய்விடுங்கள்.

  

நாலாவது வழிக்குச் சித்தப்பாவே எனக்கு ஆசான் ஆனார். சூப்பர் மார்க்கெட்டில் பத்துத் துண்டுப் பெட்டி 700-1,000 யென் இருக்கும். சாயங்காலம் ஏழு மணி தாண்டினால் ஊழியர் ஒருவர் சின்ன இயந்திரத்தோடு வந்து மஞ்சள் சீட்டு ஒட்டத் தொடங்குவார். முதலில் 20 விழுக்காடு, அப்புறம் 30, கடை சாத்தும் நேரம் நெருங்கினால் பாதி விலை. மீன் பகலில் வெட்டியது, குளிர்ப்பெட்டியில் இருந்ததால் சோறு கொஞ்சம் விறைத்திருக்கும். வாங்கியதும் அன்றே சாப்பிடவேண்டும், மறுநாளுக்கு வைத்தால் சோறு கல்லாகிவிடும். ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின ராத்திரி சித்தப்பா அயிலைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றார். 20 விழுக்காட்டுச் சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. எடுத்துக்கலாமே சித்தப்பா என்றேன். பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்து, வேறு யார் கையும் படாதபடி முன்னால் மறைத்து நின்றுகொண்டார்.

“பொறுல. ஏலம் இன்னும் எறங்கும்.”